கட்டை வச்சாச்சா?

நம் சரக்குக் கொட்டகையில் நின்று பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் தெரியும். கடல் தெரியாது. அங்கே வேலை பார்க்கிற பாதிப் பேர் கடலைப் பார்த்ததே வேளாங்கண்ணிக்கோ திருச்செந்தூருக்கோ போனபோதுதான். ஆனாலும் மாலத்தீவில், தண்ணீருக்கு நடுவே ஒரு துண்டு மணலில் எழும்பி நிற்கிற எத்தனையோ கட்டடங்களில் கதவுக் கீல் நம்முடையது, குழாய் நம்முடையது, சமையலறை மேடைக் கல் நம்முடையது. எல்லாம் சின்னமனூரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் நாம் கட்டி ஏற்றியவை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ஊரில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால், ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனி என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: டிஸ்பாட்ச் பிரிவில் இருந்த ஸ்டெல்லா நான்தான். இராயப்பன்பட்டிக்காரி. வேலையிலிருந்து நின்று சில மாதங்கள் ஆகின்றன. ஓய்வு பெறுகிற வயது இன்னும் வரவில்லை. ஏன் நின்றேன் என்பது கீழே வரும். புதியவர்களுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று முதலாளி கூப்பிட்டார். பேசினால் குரல் நடுங்கும், எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

காகித வேலையை நான் சொல்லித்தரப் போவதில்லை. ஷிப்பிங் பில் போடுவதும் முத்திரை எண்ணைக் குறிப்பதும் செய்யச் செய்ய வந்துவிடும். எந்த நேரத்தில் நிறுத்து என்று சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் படிவம் கிடையாது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு லோடு கதவுக் கீலும் தாழ்ப்பாளும் போனது. அங்கே கன்டெய்னரைத் திறந்தபோது அத்தனையும் துரு. கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நம் ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கப்பல் கம்பெனி மேல் புகார் எழுத உட்கார்ந்தேன். தூத்துக்குடியில் நமக்கு ஏஜென்ட் வேலை பார்க்கிற அலுவலகத்தில் அப்போது ஒரு அம்மா இருந்தார். கடைசி வரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. போனில் வரும் குரல் மட்டும்தான்.

"எழுதுததுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. கீலுக்குப் பக்கத்துல என்னத்த ஏத்துனீய?"

"மரச் சட்டம்."

"காய்ஞ்சதா, பச்சையா?"

பச்சை மரம்தான். அறுத்த கையோடு வந்தது.

"அது வேர்த்திருக்கு தாயி. பகல்ல சூடாகி வேர்த்து, பொழுது சாஞ்சதும் குளுந்து, கூரையில இருந்து உங்க கீலு மேல சொட்டியிருக்கு. கடலு பாவம், அது ஒண்ணும் செய்யல."

எழுத ஆரம்பித்த புகாரைக் கிழித்துப் போட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஒன்று கெட்டுப்போய்விட்டால் கடலைத் திட்டுவதற்கு முன்னால், நாம் பூட்டி அனுப்பிய இரும்புப் பெட்டிக்குள் நாமே என்ன வைத்தோம் என்று கேட்க வேண்டும். பூட்டுவது இங்கே. திறப்பது கடலுக்கு அந்தப் பக்கம். நடுவில் உள்ளே எட்டிப் பார்க்க யாரும் கிடையாது.

இன்னொன்று, டிரைவர்களுக்கு நான் வைத்த சட்டம். ஓடுகிற வண்டியில் போனை எடுத்தால் அடுத்த லோடு கிடையாது. முதலில் எல்லோரும் முறைத்தார்கள். நம் டிரெய்லர் டிரைவர் சின்னச்சாமிதான் கேட்டார்:

"ஏம்மா, வீட்டுக்காரி கூப்பிட்டாக்கூட எடுக்கக்கூடாதா?"

"வீட்டுக்காரி கூப்பிட்டா கட்டாயம் எடுக்கக்கூடாது. பேசி முடிக்கறதுக்குள்ள மதுரை வந்துரும்."

சிரித்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து மிகச் சரியாகக் கடைப்பிடித்தார். அந்தச் சட்டம் ஒருநாள் என்னையே திருப்பி அடித்தது. அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் நம் கொட்டகை பாதி காலியாகிவிடும், உங்களுக்கே தெரியும். இந்த வருஷமும் அப்படித்தான். நம் ஆசாரி அக்கினிச் சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தார், போய்விட்டார். ஏற்றுகிற ஆட்களில் பலரும் போய்விட்டார்கள். முதலாளியும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னரை அனுப்பியாக வேண்டியிருந்தது. மாலத்தீவில் ஒரு தீவில் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும், இந்தக் கப்பலில் சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வாங்குகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தீவில்தான் என் மகன் அருள் இருந்தான். இப்போதும் இருக்கிறான். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே அலைந்துகொண்டிருந்தவனை, நம்மிடம் சரக்கு வாங்குகிறவர்களே சைட் ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டார்கள். வந்திறங்குகிற ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அவன்தான் பொறுப்பு. நான் மூடி அனுப்புவதை என் பிள்ளை திறக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த லோடில் மூன்று வகைச் சரக்கு. உள்கோடியில் சிமென்ட் கல், நடுவில் கீலும் பூட்டும் குழாய் இணைப்புகளும் அடங்கிய பெட்டிகள், கதவை ஒட்டி மேடைக்கான கிரானைட் பலகைகள். இந்தப் பலகைகளைப் படுக்கப் போட்டால் உடையும். ஒரு மரச் சட்டத்தில் சாய்த்து நிறுத்துவோம். சட்டத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே மரத்துண்டுகளை அடித்து இறுக்குவோம். வண்டி குலுங்கினாலும் கப்பல் ஆடினாலும் கல்லை அசையவிடாமல் பிடிப்பது அந்த மரத்துண்டுகள்தான். நம் கொட்டகையில் அதற்குப் பேர் கட்டை.

ஆசாரி இல்லாததால் அன்றைக்கு ஏற்றும் பொறுப்பு ஷாஜிக்கு. குமுளிப் பக்கத்துப் பையன், நம் ஹார்டுவேர் குடோனில் இருந்தவன். பொறுப்பானவன்தான். கிரானைட் ஏற்றியவன் இல்லை. ஆனால் கட்டைகள் எல்லாம் ஆசாரி ஏற்கெனவே அளவாக அறுத்து வைத்துவிட்டுப் போனவை. எடுத்து அடிக்க வேண்டியதுதான். எப்படி அடிக்க வேண்டும் என்று ஏற்றுகிறவர்களில் ஒருவருக்குச் சொல்லியும் இருந்தார். அந்த ஒருவரும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் அலுவலக ஜன்னலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏஜென்ட் முத்திரை எண் கேட்டுக்கொண்டிருந்தார். ஷாஜி கதவை மூடப் போனான்.

"ஷாஜி, கட்டை வச்சாச்சா?"

"வச்சு சேச்சி. கட்ட எல்லாம் வச்சு."

கதவு மூடியது. முத்திரை விழுந்தது. சின்னச்சாமி மாதாவைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். தகரக் கொட்டகை நிழலில் ஷாஜி தூக்குவாளியை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்திருந்தது அடுக்கி வைத்த மரத்துண்டுகளின் மேல். ஆசாரி அறுத்த துண்டுகள். நுனியில் அவர் போட்ட பென்சில் குறிகள் அப்படியே இருந்தன.

"என்ன ஷாஜி, இவ்வளவு கட்டையா மிச்சம்?"

அவன் குனிந்து தனக்குக் கீழே பார்த்தான். "இதோ? இது தடி சேச்சி. கட்ட எல்லாம் உள்ள வச்சாச்சல்லோ. நானே எண்ணி வச்சு."

"எது கட்டை?"

"சிமென்ட் கட்ட."

மலையாளத்தில் செங்கல்லும் சிமென்ட் கல்லும் கட்ட. மரத்துக்குத் தடி என்று பேர். இது எனக்குத் தெரியாத விஷயமா? கம்பத்தில் படித்தவள் நான், குமுளிச் சந்தைக்குப் போய்வந்தவள். தெரிந்த சொல்தான். அந்த ஜன்னலில் நின்ற நேரத்தில் மட்டும் நினைவில் இல்லை. அதுவரை நாம் சிமென்ட் கல் ஏற்றியதில்லை. ஆகவே அந்தச் சொல் ஒருநாளும் நம்மை ஏமாற்றியதில்லை. அன்றைக்குத்தான் இரண்டு கட்டையும் ஒரே பெட்டிக்கு வந்து சேர்ந்தன.

சின்னச்சாமிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. என் சட்டம். ஓடுகிற வண்டியில் எடுக்கமாட்டார். நான் கூப்பிடுகிறேன் என்று தெரிந்தால் இன்னும் கட்டாயமாக எடுக்கமாட்டார்.

என் மண்டைக்குள் ஓடியது ஆண்டிபட்டிக் கணவாய். மேட்டில் ஏறுகிறபோது வண்டியின் மூக்கு மேலே போகும், வால் கீழே போகும். வால் பக்கம்தான் கதவு. கதவை ஒட்டித்தான் கல். ஒரு பலகையே நாலு பேரால் தூக்க முடியாத கனம். அத்தனை பலகையும் மேட்டில் பின்னால் நழுவிக் கதவில் சாய்ந்துகொண்டால், வெளியே ஒன்றும் தெரியாது. கதவு பிடித்துக்கொள்ளும். தூத்துக்குடி வரை பிடித்துக்கொள்ளும், கப்பலிலும் பிடித்துக்கொள்ளும். தீவில் ஒருவன் வந்து கதவின் நெம்புகோலைத் திருப்புகிற வரைக்கும் பிடித்துக்கொள்ளும்.

கன்டெய்னர் கதவை எல்லோரும் நேர் எதிரே நின்றுதான் திறப்பார்கள். நீங்களும் அப்படித்தான் திறப்பீர்கள்.

ஷாஜியையும் அந்தக் கட்டைகளில் ஏற்ற முடிந்த அளவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதலாளிக்குப் போன் போட்டால் அந்தப் பக்கம் ஒரே கொட்டுச் சத்தம். "என்னக்கா? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க." மூன்று தடவை கத்திச் சொன்ன பிறகுதான் புரிந்தது. வருகிறேன் என்றார்.

ஆண்டிபட்டியைத் தாண்டும்போது ஷாஜி, "சேச்சி, என்னைப் பறஞ்சு விட்டுருவாங்களா?" என்று கேட்டான். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களா என்று கேட்கிறான். அப்போது எனக்கு அவனைப் பற்றிய நினைப்பே இல்லை. என் கண்ணுக்குள் அருள் ஒரு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

கணவாயில் ஏறிக்கொண்டிருக்கும்போது சின்னச்சாமியே கூப்பிட்டார். கணவாயை இறங்கி, உசிலம்பட்டிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார்.

"என்னம்மா, இத்தன தடவ அடிச்சிருக்கீக? வீட்ல எதும் விசேசமா?"

"அண்ணே, அங்கனயே நில்லுங்க. கதவுப் பக்கம் யாரும் போகக்கூடாது. நீங்களும் போகாதீக."

அவர் மெதுவாகச் சொன்னார்: "மேட்டுல ஏறயில பின்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. டொம்முன்னு. எறங்கிப் பாத்தேன், டயரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டிரெய்லர் சாலையோரம் நின்றிருந்தது. வண்டியின் பின்னால் ஒரு புளியமரத்தின் நல்ல நிழல். அந்த நிழலில், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, டீக்கடைக்கு வந்தவர்கள் கண்ணாடி டம்ளரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னச்சாமி கையை ஆட்டி விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, தள்ளி நில்லுங்கடான்னா கேக்கமாட்டேங்கிறீக. உள்ள கல்லு சாஞ்சு கெடக்கு."

"பூட்டித்தானே கெடக்கு மாமா. கல்லு என்ன நடந்தா வரும்?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர்களைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஷாஜிதான் பிறகு சொன்னான், சேச்சி கெட்ட வார்த்தை சொன்னாங்க என்று. இருக்கலாம். எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள்.

முதலாளி நெற்றி நிறையத் திருநீறும் சட்டையில் மஞ்சள் தண்ணீருமாக வந்து இறங்கினார். என்னைவிட வயதில் சின்னவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். வெளியே ஒரு கீறல் கூட இல்லை. முத்திரை அப்படியே இருந்தது.

"அக்கா, ஒண்ணும் ஆகலியே."

"உள்ள கட்டை இல்ல தம்பி."

"சரி, இல்ல. இப்ப முத்திரைய உடைச்சா என்ன ஆகும்? ஏஜென்டுக்குச் சொல்லணும், கஸ்டம்ஸுக்குச் சொல்லணும், புது முத்திரை வாங்கணும். கப்பல் போயிரும். கப்பல் போனா அந்தப் பார்ட்டி போயிரும். இதுக்காகத்தான ஆறேழு மாசமா நாயா அலஞ்சோம்?"

"போகட்டும்."

"மெதுவா ஓட்டிட்டுப் போகச் சொல்லுவோம். அங்கன நம்ம அருள்தான இருக்கான்? பாத்துத் தெறப்பான்னு நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க. கதவச் சுத்திப் பெல்ட்டு போட்டுத் தெறக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதை நானும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். ஆனால் போனில் சொல்கிற ஒரு சொல்லை நம்பி அனுப்பித்தானே இங்கே வந்து நிற்கிறோம். கட்டை வச்சாச்சா என்று கேட்டேன், வச்சாச்சு என்று பதிலும் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் அந்தச் செய்தி யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போய் என்னவாகச் சேரும்? துறைமுகத்தில் யாராவது நிறுத்திச் சோதனைக்குத் திறந்தால் அவர்களுக்கு யார் சொல்வது?

முடியாது என்றேன்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார்.

"உள்ளதச் சொல்லுங்கக்கா. உங்க பிள்ள அங்கன இருக்கறதாலதான இம்புட்டுப் பதறுறீக?"

டீக்கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமா தம்பி. என் பிள்ளதான். அவன் இல்லேன்னா இன்னொருத்தி பிள்ள தெறப்பான். அவ இங்கன நிக்கல. நான் நிக்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையில் காய்ந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டே கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார். திரும்பி வந்து, "எங்கன வச்சுத் தெறக்கணும்?" என்றார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த மனிதரிடம்தான் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள். அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு அந்த ஆர்டர் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

சாலையோரம் திறப்பது தற்கொலை. கொஞ்ச தூரத்தில் நமக்குப் பழக்கமான கிரானைட் அறுக்கிற பட்டறை ஒன்று இருந்தது. கல்லைத் தூக்கும் கிரேன் அங்கே உண்டு. சின்னச்சாமி வண்டியை நடக்கிற வேகத்தில் கொண்டுபோனார். முன்னால் முதலாளியின் கார், பின்னால் எங்கள் ஜீப், கதவுக்குப் பின்னால் வேறு வண்டி எதுவும் ஒட்டி வராதபடி. ஊர்வலம் போலத்தான் இருந்தது. பட்டறையில் இரண்டு கதவுகளின் கம்பிகளையும் சேர்த்து அகலமான பெல்ட்டால் சுற்றி, ஒரு கையளவு மட்டும் திறக்கும்படி விட்டுக் கட்டினார்கள். ஏஜென்டிடம் சொல்லிவிட்டு முத்திரையை நானே வெட்டினேன். நெம்புகோலில் கயிறு கட்டி, எல்லோரும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றோம். சின்னச்சாமி இழுத்தார்.

கதவு தானாகவே வெளியே பாய்ந்தது. பெல்ட் இறுகிக் கிறீச்சிட்டு நிறுத்தியது. உள்ளே ஏதோ நகர்ந்து வந்து கதவில் இடித்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. திறந்த அந்த இடைவெளியில், கறுப்பாக, மெருகேறி, ஒரு கல்லின் விளிம்பு நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. மரச் சட்டம் முறிந்து, மொத்தமும் கதவின் மேல் படுத்திருந்தது.

முதலாளி அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். சின்னச்சாமி, "ஆத்தா, கௌமாரி" என்று மட்டும் சொன்னார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முதலாளியின் பார்வை ஷாஜி மேல் திரும்பியது. நான் நடுவில் போய் நின்றேன்.

"நான் கேட்டது தமிழ்ல கட்டை. அவன் வச்சது மலையாளத்துல கட்ட. ரெண்டு பேருமே பொய் சொல்லல தம்பி. அவன அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க."

"யாரையும் அனுப்பலக்கா," என்றார். பிறகு ஷாஜியைப் பார்த்து, "ஏலே, இனிமே மரத்தக் கண்டா என்ன சொல்லுவ?" என்று கேட்டார்.

ஷாஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்ல மாட்டேன் முதலாளி. தொட்டுக் காட்டுவேன்," என்றான்.

நாங்கள் எல்லோரும் அப்போதுதான் சிரித்தோம். ஆனால் அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு நம் கொட்டகையில் இருக்கிற பழக்கம் அங்கேதான் பிறந்தது. ஏற்றி முடித்தவர் வாயால் பதில் சொல்லக்கூடாது. கேட்கிறவரைக் கூட்டிப்போய், ஒவ்வொரு மரத்துண்டின் மேலும் கையை வைத்துக் காட்ட வேண்டும். பிறகு படம் எடுத்து, வாங்குகிறவருக்கும் அனுப்ப வேண்டும். எதற்கு இந்தச் சடங்கு என்று உங்களில் சிலர் சலித்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். இதற்குத்தான்.

கிரேனால் ஒவ்வொரு பலகையாக எடுத்து, உடைந்ததைக் கழித்து, புதுச் சட்டம் அடித்து நிறுத்தினோம். கோயிலிலிருந்து வந்த ஆசாரி, கையில் காப்புக் கயிறோடு கட்டை அடித்தார். கப்பல் போய்விட்டது. வாங்குகிறவர்களுக்கு நான் எதையும் மறைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதினேன். கடுமையாகப் பதில் வந்தது. பிறகு சத்தமே இல்லை. முதலாளி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாப்பாடு மட்டும் சரியாக இறங்கவில்லை அவருக்கு. கடைசியில் வந்தது ஒரே வரி: அடுத்த கப்பலில் அனுப்புங்கள், கதவை மூடும் முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த ஆர்டர் இன்றும் ஓடுகிறது. உங்களில் பாதிப் பேரை அதற்காகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இது வரைக்கும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்று உண்டு.

அன்றைக்குப் பட்டறையிலிருந்தே அருளுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "இனிமே நேரா நின்னு தெறக்காதடா, பக்கவாட்டுல நில்லு, பெல்ட் போடாம தொடாத," என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நான் தெறக்கறதில்லம்மா."

"பின்ன?"

"அதுக்குன்னு ஆளு இருக்காரு. ரஃபீக் பாய். வங்காளதேசத்துக்காரரு. எல்லாக் கன்டெய்னரும் அவர்தான் தெறப்பாரு. நான் தள்ளி நின்னு சரக்கச் சரிபாப்பேன்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை. அவ்வளவு நேரமும் என் கண்ணுக்குள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றவன் சட்டென்று நகர்ந்து தள்ளி நின்றுகொண்டான். அடுத்த நிமிஷமே அந்த இடத்தில் வேறொருவன் வந்து நின்றான். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். சின்னமனூர் என்று ஓர் ஊர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. டீக்கடையில் வாய் வீரமாக இன்னொருத்தி பிள்ளை என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது என் மனசில் அப்படி ஒருத்தியும் இல்லை. அருள் மட்டும்தான் இருந்தான். கடைசியில் அவள் உண்மையாகவே இருந்தாள்.

முதலாளி கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு நானே என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கே அருள் இல்லையென்றால் போயிருப்பாயா? போயிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜீப்பை அந்த வேகத்தில் விரட்டியிருப்பேனா, கப்பல் போகட்டும் என்று அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருப்பேனா என்று கேட்டால் தெரியவில்லை. ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் மூடுகிற ஒவ்வொரு கதவையும் உங்கள் வீட்டில் ஒருவர்தான் திறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பொய்தான். இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நின்றது அதனால்தான். ஒவ்வொரு கன்டெய்னர் கதவு மூடும்போதும் எனக்குள் அந்தக் கல் ஒருமுறை நகர்ந்து வந்து இடிக்கிறது. கை நடுங்குகிறவள் முத்திரை போடக்கூடாது. வேறு வருத்தம் எனக்கில்லை. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்ததில் எனக்குத் தலை நிமிரத்தான் செய்கிறது.

அந்தக் கன்டெய்னர் தீவில் போய் இறங்கிய அன்று அருள் ஒரு வீடியோ அனுப்பினான். அவனே எடுத்தது, ஆகவே அதில் அவன் இல்லை. ஒல்லியாக, தாடி வைத்த ஒருவர் வருகிறார். பெல்ட்டைக் கதவுகளில் சுற்றுகிறார். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று நெம்புகோலைத் திருப்புகிறார். கதவு அசையாமல் நிற்கிறது. பெல்ட்டை அவிழ்த்துத் திறக்கிறார். உள்ளே கல் பலகைகள் நாங்கள் நிறுத்தியபடியே நிற்கின்றன. அவர் ஆசாரியின் மரத்துண்டு ஒன்றைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "காட்" என்கிறார். அவர்கள் பாஷையில் மரத்துக்கு அதுதான் பேராம்.

"கட்டைன்னு சொல்லுங்க பாய்," என்று அருளின் குரல்.

"கொட்டே."

அருள் சிரிக்கிறான். கேமரா ஆடுகிறது. இவன் ஏன் சிரிக்கிறான் என்று புரியாமல், ரஃபீக் பாயும் சிரித்துக்கொண்டே, அந்தக் கட்டையின் மேல் கையை வைத்தபடி திறந்த கதவுக்கு நேர் எதிரே நிற்கிறார்.